இண்டியானா ஜோன்ஸ் படங்களை வீட்டில் மறுபடி பார்க்க எது சரி: பழைய டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கே டிஸ்க்கா, ஓடிடியா?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்குப் போகலாம். இண்டியானா ஜோன்ஸ் படங்களை வரிசையாக மறுபடி ஒரு சுற்று பார்க்க, 2021-ல் வந்த 4கே டிஸ்க் பெட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதன் மதிப்பு எல்லோரும் கொண்டாடுகிற முதல் படத்தில் இருப்பதைவிட இரண்டாவது, மூன்றாவது படங்களில்தான் அதிகம், அதிலும் இரண்டாவதான டெம்பிள் ஆஃப் டூமில். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், உங்களிடம் இருக்கிற டிவிக்கும் கையில் இருக்கிற காசுக்கும் எது பொருந்தும் என்று முடிவெடுப்பது சுலபம்.

படங்கள் எவை, எப்போது வந்தன என்பதை ஒரு முறை வரிசைப்படுத்திக்கொள்வோம். ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் 1981, டெம்பிள் ஆஃப் டூம் 1984, லாஸ்ட் க்ரூசேட் 1989, நீண்ட இடைவெளிக்குப் பிறகு கிங்டம் ஆஃப் தி க்ரிஸ்டல் ஸ்கல் 2008, கடைசியாக டயல் ஆஃப் டெஸ்டினி 2023. முதல் நான்கும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கியவை, ஐந்தாவது ஜேம்ஸ் மேங்கோல்ட். வீட்டுக்கு வந்த கணக்கு வேறு: முதல் மூன்றும் 2003 அக்டோபரில் டிவிடி பெட்டியாக, முதல் நான்கும் 2012 செப்டம்பரில் ப்ளூ-ரே பெட்டியாக, அதே நான்கும் 2021 ஜூனில் 4கே பெட்டியாக. ஐந்தாவது 2023 டிசம்பரில் தனியாக டிஸ்க்கில் வந்தது. எல்லாமே ஒரே படங்கள்தானே என்று நினைப்பீர்கள். படம் ஒன்றுதான், ஆனால் நீங்கள் பார்க்கப்போவது ஒவ்வொரு பெட்டியிலும் வேறு.

டிவிடியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பழைய டிவிடி பெட்டிகள் இன்னும் நிறைய வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன, "இருக்கிறதே, இதையே போட்டுப் பார்த்தால் என்ன" என்ற கேள்வி நியாயமானதும்கூட. அந்தக் காலத்துக்கு அது அருமையான வேலை. லோரி டிஜிட்டல் என்ற நிறுவனம் பிலிமில் இருந்த கீறல், தூசி, அழுக்கு எல்லாவற்றையும் கணினியில் சுத்தம் செய்து கொடுத்தது. நான்காவது டிஸ்க்கில் லோரன் பூசரோ எடுத்த உருவாக்கக் கதை ஆவணப்படம் இருந்தது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், அலுப்பே தட்டாது. ஸ்பீல்பெர்க் தன் படங்களுக்கு விளக்க உரைத் தடம் பேசுவதில்லை என்பதால் அந்த ஆவணப்படம்தான் அவர் வாயிலிருந்தே கதை கேட்க நல்ல வழி. ஆனால் அதற்காக டிவிடியைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் இல்லை, அது பின்னால் வந்த பெட்டிகளிலும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

டிவிடியின் சிக்கல் எளிய கணக்கு. இந்தியாவில் விற்ற டிவிடிகளில் படத்துக்கு 576 வரிகள். சினிமாஸ்கோப் அகலத்தில் எடுத்த படம் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, உண்மையான படத்துக்குக் கிடைப்பது சுமார் 430 வரிகள். அமெரிக்க டிவிடியில் அதுவும் குறைந்து 360-க்குப் பக்கம். அதே கணக்கில் ப்ளூ-ரேயில் சுமார் 800, 4கேயில் சுமார் 1600. 55 அங்குல டிவியில் 430 வரிகளை இழுத்து நீட்டினால் பாலைவன மணல் ஒரு பழுப்புப் பரப்பாகிவிடுகிறது, தூரத்தில் நிற்கிற முகங்களுக்குக் கண்ணும் மூக்கும் இருக்காது. இன்னொன்று, பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடிகளில் விநாடிக்கு 24 பிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவார்கள். 115 நிமிட ரைடர்ஸ் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னாலேயே முடிந்துவிடும், பெரும்பாலும் ஒலியின் சுருதியும் சற்றே ஏறிவிடும். ஜான் வில்லியம்ஸின் இசையைக் காதால் நன்றாக அறிந்தவர்களுக்கு அது உறுத்தும், நாயகன் ஹாரிசன் ஃபோர்டின் குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கும்.

லண்டனில் இருக்கிற நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் டெம்பிள் ஆஃப் டூம் முழுசாகக் கிடைக்காமல் பல வருடம் வெட்டிய பதிப்பாகத்தான் இருந்தது. பெற்றோர் துணையோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்கிற பிஜி சான்றிதழுக்காக, இதயத்தைப் பிடுங்கும் காட்சி உட்பட சில இடங்களைக் கத்தரித்திருந்தார்கள். வெட்டாத பதிப்பு அங்கே வீட்டுக்கு வந்தது 2012 ப்ளூ-ரேயில், 12 வயதுச் சான்றிதழோடு. ஆகவே பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கிற பிரிட்டிஷ் டிவிடியை எடுத்தால் நீங்கள் பார்ப்பது குறைபட்ட படம். என்னைக் கேட்டால் இந்தக் காரணம் ஒன்றே அதை ஒதுக்கிவிடப் போதும்.

இப்போது 2012 ப்ளூ-ரே. இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்காக மூல நெகட்டிவிலிருந்து முழுக்கப் புதிதாக 4கே ஸ்கேன் செய்து சீரமைத்தது ரைடர்ஸ் படத்தை மட்டும்தான். டெம்பிள், லாஸ்ட் க்ரூசேட் இரண்டுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை, ஏற்கெனவே இருந்த எச்டி மாஸ்டர்களை (டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கிற மூலக் கோப்புகளை) வைத்தே வேலையை முடித்தார்கள். பார்த்தால் மோசம் என்று சொல்ல மாட்டேன், டிவிடியிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய தாவலாகத்தான் இருக்கும், ஆனால் முதல் படத்தைப் பார்த்த சூட்டோடு இரண்டாவதைப் போட்டால் ஒரு படி இறங்கியது போலத் தெரியும். ரைடர்ஸிலும் ஒரு குறை உண்டு: நிறத்தை வெதுவெதுப்பாக, கொஞ்சம் ஆரஞ்சு பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். எகிப்துக் காட்சிகளுக்கு (அவை உண்மையில் துனிசியாவில் எடுத்தவை) அது பொருந்தினாலும், அறைக்குள் நடக்கிற காட்சிகளில் எல்லோர் முகமும் வெயிலில் வாடியது போல இருக்கிறது.

2021 பெட்டியில் நான்கு படங்களும் மூல நெகட்டிவிலிருந்து 4கேயில் ஸ்கேன் செய்யப்பட்டு, ஸ்பீல்பெர்க்கின் ஒப்புதலோடு, டால்பி விஷன் நிறத்திலும் (இருட்டையும் வெளிச்சத்தையும் விரிவாகக் காட்டுகிற எச்டிஆர் முறைகளில் ஒன்று) டால்பி அட்மாஸ் ஒலியிலும் (சுற்றிலும் மேலிருந்தும் கேட்கிற ஒலி) வந்தன. ரைடர்ஸின் அந்த ஆரஞ்சுச் சாய்வு தணிந்து, தோல் தோலாகவும் வானம் வானமாகவும் தெரிகிறது. ஆனால் ப்ளூ-ரேயில் ஏற்கெனவே நல்ல ஸ்கேன் கிடைத்திருந்த படம் என்பதால் அங்கே கிடைக்கிற லாபம் நிறத்திலும் வெளிச்சத்திலும்தான், நுணுக்கத்தில் அவ்வளவு பெரிதாக இல்லை. டெம்பிளில் எல்லாமே மாறியிருக்கிறது.

டெம்பிள் ஆஃப் டூமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு படத்தில் இருக்கிறது. ஆரம்பமே ஷாங்காய் இரவு விடுதியில் ஒரு பெரிய பாட்டு, கதாநாயகி கேட் கேப்ஷா சிவப்பும் பொன்னுமாக ஜரிகை போல மின்னுகிற உடையில் மாண்டரினில் பாடுகிறார். டிவிடியில் அந்த உடை ஒரு சிவப்புத் திட்டு. ப்ளூ-ரேயில் மினுமினுப்பு தெரியும். 4கேயில், எச்டிஆர் நன்றாக வருகிற டிவியில், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விளக்கொளியை வாங்கித் திருப்பித் தருகிறது. ஆடை வடிவமைத்தவர் ஆன்டனி பவல், பழைய காலத்து மணிகளைச் சேகரித்துத் தைத்த உடை அது. இலங்கையில் வெளிப்புறப் படப்பிடிப்பில் மரத்தில் தொங்கவிட்டிருந்தபோது அதன் முதுகுப் பக்கத்தை ஒரு யானை தின்றுவிட்டது என்பது படக்குழுவினர் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை.

ஆமாம், இலங்கை. கதை இந்தியாவில் நடக்கிறது, ஆனால் திரைக்கதையில் மாற்றம் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதால் படக்குழு கண்டிப் பக்கம் போய்விட்டது, அரண்மனை உட்பட மிச்சம் லண்டன் அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவிலும் வரைந்த பின்னணி ஓவியங்களிலும் உருவானது. கிராமத்துப் பெரியவராக வருகிறவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஸ்பீல்பெர்க் சொல்லச் சொல்ல ஒலியைப் பிடித்துத் திரும்பச் சொன்னார், சில இடங்களில் சிங்களத்திலேயே பேசுகிறார். இந்தியக் கிராமம் என்று காட்டுகிற இடத்தில் சிங்களம் கேட்கிறதே என்று இலங்கைத் தமிழர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். புதிய ஒலிக்கலவையில் கிராமத்தாரின் பேச்சு பின்னணியில் கரையாமல் தெளிவாகவே கேட்கிறது.

கயிற்றுப் பாலக் காட்சிக்காகவும் இந்தப் பதிப்பைப் பார்க்கலாம். அந்தப் பாலம் உண்மையானது. அருகில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களின் உதவியோடு பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டினார்கள். அறுந்து விழுகிற ஷாட்டை ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்பதால் பல கேமராக்களை வைத்து எடுத்தார்கள், விழுகிறவர்கள் கைகாலை உதறுகிற பொம்மைகள். தூரக் காட்சி இலங்கை, கிட்டத்துக் காட்சி ஸ்டூடியோ. பழைய பதிப்புகளில் எது எங்கே எடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல். 4கேயில் அந்தப் பள்ளத்தின் ஆழம் வயிற்றைப் பிசைகிறது, கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பொம்மைகளையும் கண்டுபிடித்துவிடலாம். அது குறை என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது கூடுதல் மரியாதையைத்தான் தருகிறது. சுரங்க ரயில் துரத்தலும் அப்படியே. பல ஷாட்டுகளில் இருப்பவை சின்ன மாதிரிகள், கசக்கி வண்ணம் பூசிய அலுமினியத் தாள்தான் பாறைச் சுவர், குறுகலான மாதிரிச் சுரங்கத்துக்குள் போகிற மாதிரி டென்னிஸ் ம்யூரனின் குழு ஒரு நிக்கான் ஸ்டில் கேமராவை மாற்றியமைத்தது. அந்த வருடத்தின் காட்சி விளைவு ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் போனது. 1600 வரிகளில் பார்க்கும்போதும் அந்த மாயம் கலையவில்லை, அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

அப்புறம் கோயில். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் முதல் மூன்று படங்களுக்கும் வேலை செய்தவர், அப்போதே எழுபதைத் தொட்டவர், பழைய பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படங்களில் கை தேர்ந்தவர். நிழலைக் கறுப்பாக விடத் தயங்காத மனிதர். நெருப்புக் குழியின் சிவப்பு ஒரு பக்கம், குகையின் இருட்டு மறுபக்கம், நடுவில் நரபலிப் பூசாரி மோலா ராமாக அம்ரிஷ் பூரியின் மொட்டைத் தலையும் கண்களும். சாதாரண ப்ளூ-ரேயில் இந்தச் சிவப்பு எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எச்டிஆரில் சிவப்புக்குள்ளேயே பல படிகள் தெரிகின்றன, பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஆட்கள் தனித்தனியாக இருக்கிறார்கள். அம்ரிஷ் பூரியின் நடிப்பை முழுசாகப் பார்த்த திருப்தி எனக்கு இந்தப் பதிப்பில்தான் கிடைத்தது.

படத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தையும் சொல்லாமல் போக முடியாது. அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் கண் மிதக்கும் சூப்பும் பரிமாறுகிற காட்சி, காளி வழிபாட்டையே நரபலிக் கூட்டமாகக் காட்டுகிற விதம், இரண்டும் தவறு. இந்தியாவில் படத்துக்குக் கொஞ்ச காலம் தடை இருந்ததில் ஆச்சரியமே இல்லை. பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, இது இட்டுக்கட்டியது, நம் ஊர் இப்படி இல்லை என்று பேசிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வயதையும் பாருங்கள்: அமெரிக்காவில் பிஜி-13 என்ற சான்றிதழ் 1984-ல் புதிதாக உருவானதற்கு இந்தப் படத்தின் வன்முறையும் ஒரு காரணம்.

லாஸ்ட் க்ரூசேடுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. ஜோர்டானின் பெட்ரா, வெனிஸ், ஸ்பெயினின் அல்மேரியாவில் எடுத்த டாங்கித் துரத்தல் எல்லாம் பகல் வெளிச்சத்துப் படம், 4கேயில் ஒரே சீராக நன்றாக இருக்கிறது. ஷான் கானரிக்கும் ஃபோர்டுக்கும் உண்மையில் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், ஒப்பனையின் விளிம்புகள் கூடத் தெரிகிற இந்தத் தெளிவிலும் அப்பா மகன் உறவை ஒரு நொடிகூடச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஒலி பற்றி. இந்தத் தொடரின் ஒலிகளை உருவாக்கியவர் பென் பர்ட். ரைடர்ஸில் உருண்டு வருகிற பாறையின் சத்தம் சரளைக் கல் சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டிய ஹோண்டா சிவிக் காரின் சத்தம், கதையில் எல்லோரும் தேடுகிற புனிதப் பேழையின் மூடி திறக்கிற சத்தம் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடி, குத்துகள் தோல் ஜாக்கெட்டை மட்டையால் அடித்தவை. ரைடர்ஸ் ஒலி விளைவுகளுக்கு அவருக்கும் ரிச்சர்ட் ஆண்டர்சனுக்கும் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. 2012 ப்ளூ-ரேயின் 5.1 ஒலியும் அவர் கைபட்டதுதான், மிக நன்றாகவே இருக்கும். 2021 அட்மாஸ் கலவையையும் அவர் மேற்பார்வையில்தான் செய்தார்கள். உங்களிடம் டிவியின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்காது. சப்வூஃபர் உள்ள நல்ல சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ இருந்தால், பாறை தலைக்குப் பின்னாலிருந்து வரும். ஒலிக்காக மட்டும் 4கேக்கு மாறுவது வீண் செலவு, அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

சரி, இவ்வளவு ஏன், ஓடிடியில் பார்த்துவிட்டுப் போகலாமே? போகலாம், ஒரு தடவை பார்க்கப் போதும். 4கே என்று போட்டிருந்தாலும் ஓடிடியில் வருகிற தரவு விநாடிக்குப் பொதுவாக 15 முதல் 25 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 4கே டிஸ்க்கில் அது 100 எம்பிபிஎஸ்ஸையும் தாண்டலாம், டிஸ்க்கின் கொள்ளளவே 66 அல்லது 100 ஜிபி. இது எங்கே தெரியும் என்றால் பிலிமின் கிரெய்னில். இந்தப் படங்கள் பிலிமில் எடுத்தவை, ஒவ்வொரு பிரேமிலும் மெல்லிய துகள்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், உயிருள்ள தோற்றமே அதில்தான் இருக்கிறது. தரவு குறையும்போது சுருக்கும் மென்பொருள் முதலில் கைவைப்பது அதில்தான். மணற்புயல், தூசி, புகை, தீ என்று இந்தத் தொடரில் முக்கியமான காட்சிகள் எல்லாம் சுருக்குவதற்குக் கடினமானவை. பேழை திறக்கிற முடிவுக் காட்சியை ஓடிடியில் பார்த்தால் புகைக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும், இணைய வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அது இன்னும் மோசம்.

ஓடிடியின் இன்னொரு தொல்லை, படங்கள் ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. முதல் நான்கை விநியோகித்தது பாரமவுண்ட், ஐந்தாவதை டிஸ்னி. எந்த நாட்டில், எந்த மாதத்தில், எந்தத் தளத்தில் எது இருக்கும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இரண்டு பார்த்துவிட்டு மூன்றாவதைத் தேடினால் காணோம் என்று ஆகலாம். தளங்களில் விலை கொடுத்து 'வாங்குவது' இதைவிடத் தேவலை, தள்ளுபடி நாட்களில் மலிவாகவும் கிடைக்கும், ஆனால் அதுவும் பார்க்கும் உரிமம்தான், பொருள் உங்கள் கையில் இல்லை. ஒரே ஒரு பக்கம் ஓடிடிக்குச் சாதகம் இருக்கலாம், அது தமிழ் ஒலி. டிஸ்க்கில் தமிழ் ஒலித்தடத்தையோ தமிழ் வசன வரிகளையோ எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலம் சிரமப்படுகிற அப்பா அம்மாவோடு, சின்னப் பிள்ளைகளோடு பார்க்கப்போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் தளத்தில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தரத்தைப் பற்றிய என் பேச்சையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதிலேயே பாருங்கள்.

டிஸ்க்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு இயந்திரக் கேள்வி வரும். 4கே டிஸ்க்கைச் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் படிக்காது. ஆப்போ, சாம்சங், எல்ஜி என்று ஒவ்வொருவராக 4கே பிளேயர் தயாரிப்பை விட்டுவிட்டார்கள், எல்ஜி 2024-ல் நிறுத்தியது. மிச்சம் இருப்பவை சோனி, பானாசோனிக் போன்ற சில. தனியாக வாங்குவதைவிட, வீட்டில் டிஸ்க் போடுகிற பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். டிஸ்க்கிலிருந்து டால்பி விஷன் மட்டும் அவற்றில் வராது, எச்டிஆர்10 வரும், அது குறையாகத் தெரியாது. சாம்சங் டிவி வைத்திருப்பவர்களுக்கு எப்படியும் டால்பி விஷன் கிடையாது, அதனால் இழப்பும் கிடையாது. பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம், அது சாதாரண ப்ளூ-ரே வரைதான், ப்ரோ மாடலும் அப்படியே.

வாங்குவதில் 4கே டிஸ்க்குக்கு ஒரு பெரிய வசதி, அதற்கு ரீஜன் பூட்டு, அதாவது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி வைக்கிற தடை, இல்லை. அமெரிக்காவில் வாங்கினாலும் சிங்கப்பூரில் வாங்கினாலும் சென்னையில் ஓடும். ப்ளூ-ரே அப்படி இல்லை, இந்தியா சி, பிரிட்டன் பி, அமெரிக்காவும் சிங்கப்பூர், மலேசியாவும் ஏ. சில டிஸ்க்குகள் பூட்டில்லாமல் வரும், அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் பழைய ப்ளூ-ரே பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். இந்தியாவில் டிஸ்க் விற்பனை மிகவும் சுருங்கிவிட்டது, ஆன்லைனில் இறக்குமதி என்றால் சுங்க வரியும் தபால் செலவும் சேர்ந்து விலை ஏறிவிடும். ஊருக்கு வருகிற அண்ணனோ தோழியோ இருந்தால் சொல்லி வையுங்கள், பெட்டி சின்னதுதான்.

நான்காவது, ஐந்தாவது படங்களுக்கு வருவோம். க்ரிஸ்டல் ஸ்கல் எனக்குப் பிடிக்காத படம் இல்லை, முதல் அரை மணி நேரம் நல்ல வேகம். ஆனால் ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஸ்லோகோம்பின் பாணியைப் பின்பற்ற முயன்று வெளிச்சமான இடங்களையெல்லாம் மங்கலாகப் பூக்கவிட்டிருக்கிறார், காட்டுத் துரத்தலில் கணினிப் பின்னணி கண்ணைக் குத்துகிறது. 4கேயில் அது சரியாகிவிடாது, இன்னும் பளிச்சென்று தெரியும். பெட்டியில் சேர்ந்தே வருவதால் பார்க்கலாம், தனியாக வாங்க வேண்டாம். டயல் ஆஃப் டெஸ்டினி டிஜிட்டல் கேமராவில் எடுத்தது, கிரெய்ன் பிரச்சினை இல்லை, ஓடிடியில் பார்த்தாலே பெரும்பாலும் போதும். 1944-ல் நடக்கிற அந்த ஆரம்ப ரயில் சண்டை மட்டும் விதிவிலக்கு: முழுக்க இரவு, இளமையாக்கிய ஃபோர்டு, இருட்டில் நகர்கிற நிழல்கள். ஓடிடியில் அது சேறாகிவிடுகிறது. அந்த ஒரு காட்சிக்காக டிஸ்க் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எந்த வரிசையில் பார்ப்பது? கதைக் காலப்படி டெம்பிள் 1935, ரைடர்ஸ் 1936. அதற்காக டெம்பிளை முதலில் போடாதீர்கள். வெளியான வரிசையில் ரைடர்ஸில் ஆரம்பித்தால்தான் அந்த மனிதர் யார் என்று தெரிந்து, டெம்பிளின் இருட்டுக்குள் அவரோடு இறங்க முடியும்.

ஆக, யாருக்கு எது? ஏற்கெனவே 2012 ப்ளூ-ரே வைத்திருந்து, 43 அங்குல டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அப்படியே இருங்கள், கூடுதல் வரிகள் அந்தத் தூரத்தில் கண்ணுக்கு எட்டாது. 55 அங்குலத்துக்கு மேல், எச்டிஆர் நன்றாகக் காட்டுகிற டிவி, அதிலும் ஓஎல்இடி, அல்லது ப்ரொஜெக்டர் இருக்கிறவர்கள், ப்ளூ-ரே இருந்தாலும் 4கேக்கு மாறலாம், டெம்பிளும் லாஸ்ட் க்ரூசேடும் அந்தச் செலவுக்கு ஈடு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், பிஎஸ்5 வீட்டில் இருந்தால், நேராக 4கே பெட்டி, நடுவில் ப்ளூ-ரே வாங்கி நிறுத்த வேண்டாம். வெறும் ப்ளூ-ரே பிளேயர் மட்டும் இருக்கிறது, காசும் இறுக்கம் என்றால் பழைய 2012 பெட்டியைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், ரைடர்ஸ் ஒன்றுக்கே அது தகும். டிவிடி மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு, அதைவிட ஓடிடியே மேல்.

எதில் பார்த்தாலும் டிவியின் செட்டிங்கில் போய் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியை அணைத்துவிட்டு, ஃபிலிம்மேக்கர் மோடோ சினிமா மோடோ வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 4கே டிஸ்க்கும் டிவி சீரியல் மாதிரி ஓடும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம்: டெம்பிளின் ஷாங்காய்ப் பாட்டையும் கோயில் காட்சியில் ஒரு பத்து நிமிடத்தையும் உங்கள் டிவியில், உங்கள் இணையத்தில், அறை விளக்கை அணைத்துவிட்டு ஓடிடியில் பாருங்கள். சிவப்பு ஒட்டாமல், இருட்டில் கட்டம் கட்டாமல் வந்தால் பெட்டி இப்போதைக்கு வேண்டாம்.